கோயில், கடை, வீட்டுக் கணினிகளுக்கு வைரஸ் பாதுகாப்பு: ரங்கூன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் ஒரு கோயில் அலுவலகம், அதன் பின்கட்டில் நடக்கும் தமிழ்ப் பள்ளி, தெரிந்தவர்களின் நாலைந்து கடைகள் ஆகியவற்றின் கணினிகளைப் பல ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். பெகுவிலிருந்தும் மோல்மேனிலிருந்தும்கூடத் தொலைபேசியில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கணினியைத் தட்டச்சுக்கு மட்டும் தொடும் கோயில் கணக்கருக்கும் புரிய வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

வைரஸும் புழுவும் ஒன்றுதானா?

வைரஸ் இன்னொரு கோப்பிலோ வட்டிலோ ஒட்டிக்கொண்டு வரும். யாராவது அதைத் திறந்தால்தான் அதற்கு உயிர். புழுவுக்கு ஆள் துணை வேண்டாம். ஒரு கணினியில் ஓட்டை கண்டால் தானே நுழையும். அங்கிருந்துகொண்டு அதே இணைப்பில் இருக்கும் அடுத்த கணினியைத் தேடும்.

1986-இல் லாகூரில் அண்ணன் தம்பி இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்ற வைரஸ், ஃபிளாப்பி வட்டுகளில் கைமாறியே கடல் கடந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் வெளியே விட்ட புழு யார் கையும் படாமல் ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியது. அன்றைய இணையத்தில் அது பத்தில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டார்கள். இப்போது வருபவற்றில் இரண்டின் குணமும் கலந்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் நான் துடைத்தெடுப்பவற்றில் பெரும்பகுதி இன்னும் பிரெயின் வந்த வழியில்தான் வருகிறது. கையிலிருந்து கைக்கு.

தம்பி, கோயில் கணினியில் அர்ச்சனைச் சீட்டுக் கணக்கைத் தவிர என்ன இருக்கிறது? அதை யார் வந்து தாக்கப்போகிறார்கள்?

அறங்காவலர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. பதில் சொல்வதற்கு அந்தக் கணினியையே திறந்து காட்டினேன். நன்கொடையாளர் பட்டியல், அவர்களுடைய தொலைபேசி எண்கள், கல்யாணப் பதிவுகள், பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள், விசாவுக்காக யாரோ படியெடுத்துவிட்டு அழிக்க மறந்த பாஸ்போர்ட் பக்கங்கள், குடியுரிமை அட்டைகள். இத்தனையும் ஒரே மேசையில், கடவுச்சொல் இல்லாத ஒரு பெட்டிக்குள்.

புழு ஆள் பார்த்து வருவதில்லை. 2017 மே 12 அன்று கிளம்பிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘வான்னாக்ரை’ என்ற புழு, பிரிட்டிஷ் மருத்துவமனைகளையும் சின்னஞ்சிறு கடைகளையும் ஒரே மாதிரிதான் பூட்டியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000 கணினிகளுக்கு மேல் அதில் சிக்கின. கதவு திறந்திருந்ததா என்பது ஒன்றைத்தான் அது பார்த்தது.

எங்கள் கடைக் கணினியில் இணையமே கிடையாது. அப்படியானால் கவலை இல்லை அல்லவா?

ஈரானில் நத்தான்சு என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் ஆலை இருக்கிறது. அதன் இயந்திரங்களை நடத்திய கணினிகளும் இணையத்தோடு சேராதவைதான். 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்ற புழு, மெமரி ஸ்டிக்கில் ஏறிப் பரவும்படி எழுதப்பட்டிருந்தது. அத்தனை காவல் இருந்த ஆலைக்குள்ளேயே அது போய்விட்டது. உங்கள் கடையில் இணையம் இல்லை, சரி. சரக்குப் பட்டியல் எதில் வருகிறது?

மெமரி ஸ்டிக்கை நகல் கடையில் செருகிவிட்டு வந்தேன். இப்போது எல்லாக் கோப்புறைகளிலும் சிறிய அம்புக்குறி தெரிகிறது. கோப்புகள் போய்விட்டனவா?

போகவில்லை. முதலில் எதையும் இருமுறை சொடுக்காதீர்கள். இதைத்தான் நான் மிக விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஏமாந்திருக்கிறேன்.

ஒரு தீமிதித் திருவிழாவின் போது அழைப்பிதழை அச்சடிக்க ஸ்டிக்கை வெளியே கொண்டுபோனேன். அச்சடித்து வாங்கிக்கொண்டு வந்து, மாலையில் கோயில் கணினியில் செருகினேன். அம்புக்குறி கண்ணில் பட்டது. களைப்பில் அதைப் பொருட்படுத்தவில்லை. கோப்புறை வழக்கம்போலத் திறந்தது. மறுநாள் பள்ளி ஆசிரியை தன் ஸ்டிக்கை அதே கணினியில் செருகினார். அதற்கடுத்த நாள் பள்ளியின் மூன்று கணினிகளிலும் அதே அம்புக்குறி. தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. வினாத்தாள்களை மீட்க இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

நடப்பது இதுதான். புழு உங்கள் உண்மையான கோப்புறைகளையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவையாக மாற்றிவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிச் சின்னங்களை வைக்கிறது. அந்தச் சின்னத்தை இருமுறை சொடுக்கினால் முதலில் புழு ஓடுகிறது, அடுத்த நொடி உங்கள் கோப்புறையும் திறக்கிறது. கேட்டது கிடைத்துவிடுவதால் சந்தேகமே வராது. அதற்குள் கணினி பிடிபட்டுவிட்டது. இனி அதில் செருகும் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் அது தொற்றும்.

மீட்கும் வழி: ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்ட, சுத்தமான ஒரு கணினியில் ஸ்டிக்கைச் செருகி, திறக்காமலே அதை முழுவதும் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு கோப்புறை அமைப்புகளில் மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றுங்கள். பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் உங்கள் ஆவணங்கள் இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். குறுக்குவழிச் சின்னங்களையும் தெரியாத நிரல்களையும் தொடாதீர்கள். கடைசியாக ஸ்டிக்கை ஃபார்மட் செய்துவிடுங்கள். அது கடைசியாகச் செருகப்பட்ட கணினியையும் முழுமையாகச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை மறுபடி அதே கதை.

வராமல் தடுக்க நாங்கள் இப்போது செய்வது: வெளியே போகும் ஸ்டிக் என்று ஒன்றைத் தனியாகச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம். அதில் அன்றைக்கு அச்சடிக்க வேண்டிய பிடிஎஃப் ஒன்றுதான் இருக்கும். திரும்பி வந்ததும் அதை எந்தக் கணினியிலும் திறப்பதில்லை. பள்ளியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட பழைய கணினி ஒன்று இருக்கிறது, அதில் செருகி ஃபார்மட் செய்கிறோம். அதைவிடச் சுலபம், நகல் கடைக்காரரிடம் வைபரில் அனுப்பலாமா என்று கேட்பது. நான் கேட்ட இடங்களில் யாரும் மறுத்ததில்லை.

கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்து வைக்கும் பழக்கத்தையும் மாற்றிவிடுங்கள். 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ புழு அந்த ஒரு பழக்கத்தை நம்பியே வந்தது. காதல் கடிதம் என்ற பெயரோடு டாட் டிஎக்ஸ்டி என்று முடியும் சாதாரண எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. அது ஒரு நிரல் என்று காட்டிக்கொடுக்கும் டாட் விபிஎஸ் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது, யார் கண்ணிலும் படவில்லை.

கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள், ஆன்டிவைரஸும் போட்டிருக்கிறார்கள். அது போதாதா?

அந்த விண்டோஸ் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. உரிமம் வாங்காத விண்டோஸை உடைத்து ஓடவைக்கும் சிறு நிரல்கள், நிறுவும்போதே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கின்றன. வீட்டுக்கு வரும் விருந்தாளி, ‘நான் உள்ளே வரும்வரை காவல்காரனை அனுப்பிவிடுங்கள்’ என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்? அந்த நிரலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பது அதை எழுதியவனுக்குத்தான் தெரியும். அதோடு, புதுப்பிப்புகளையும் பெரும்பாலும் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். வாங்கும் காசில் உரிமம் கட்டுப்படியாகாது என்பதை நான் அறிவேன்; கடைக்காரர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. ஆனாலும் நான் பார்த்த கெட்ட தொற்றுகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருந்தது.

உரிமம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. கடைக்கும் வீட்டுக்கும் அது போதும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கணினியைச் சோர வைக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. உங்கள் கணினி அவற்றில் எதில் ஓடுகிறது என்று இன்றே பாருங்கள்.

உரிமம் வாங்க முடியாவிட்டால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் இலவசம், சட்டப்படி இலவசம். கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிபரே ஆபீஸ் அதோடு வரும். கடிதம், கணக்குப் பட்டியல், இணையம் என்ற அளவில் வேலை இருப்பவர்களுக்கு இது போதும். எங்கள் பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகள் தமிழை அதில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பழைய கணினிகளிலும் ஓடும். கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் கடைகளுக்கு இது சரிவராது. அவர்கள் அந்த ஒரு கணினிக்காவது உரிமம் வாங்க வேண்டும்.

புதுப்பிப்பு என்று சொல்லி டேட்டாவையெல்லாம் தின்றுவிடுகிறது. நிறுத்தி வைத்தால் என்ன?

வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. புழு வந்தது மே 12. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம். சிக்கியவை அந்த இரண்டு மாதத்தில் புதுப்பிக்கப்படாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸில் ஓடியவையும்தான்.

டேட்டா செலவு பொய்யல்ல. கைபேசி இணைப்பிலிருந்து கணினிக்கு இணையம் எடுப்பவர்கள், அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று அமைப்புகளில் குறித்துவிடுங்கள். பெரிய பதிவிறக்கங்கள் அப்போது காத்திருக்கும். பிறகு மாதம் ஒருமுறை, ஃபைபர் இணைப்பு இருக்கும் நண்பர் வீட்டுக்கோ கோயிலுக்கோ கணினியைக் கொண்டுவந்து முழுவதும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி என்றால் இது எளிது. மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள், நான் மறுப்பதில்லை.

தமிழ் எழுத்துருவும் பர்மிய எழுத்துருவும் இணையத்திலிருந்து இறக்கலாமா?

எழுத்துருவில் என்ன ஆபத்து என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2021 ஜூனில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. மியான்மர் அதிபர் அலுவலக இணையதளத்திலேயே பதிவிறக்கத்துக்கு வைக்கப்பட்டிருந்த பர்மிய யூனிகோட் எழுத்துருத் தொகுப்புக்குள், கணினியை வெளியிலிருந்து கட்டுப்படுத்த வழிசெய்யும் நிரலை யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் நாடே ஸாவ்ஜீ என்ற பழைய பர்மிய எழுத்துருமுறையை விட்டு யூனிகோட் என்ற உலகப் பொதுமுறைக்கு மாறத் தொடங்கியதால் அந்த எழுத்துருவைத் தேடுபவர்கள் நிறையப் பேர். தூண்டிலில் எந்த இரையை வைத்தால் மீன் வரும் என்பது போட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழுக்கு லதா எழுத்துரு விண்டோஸ் 2000 காலத்திலேயே வந்துவிட்டது. பர்மிய மொழிக்கும் விண்டோஸ் 8 முதல் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10-இல் தமிழ் 99 விசைப்பலகையும் இருக்கிறது. மொழி அமைப்புகளில் சேர்த்தால் போதும். அழைப்பிதழுக்கு அழகான வேறு எழுத்துரு வேண்டும் என்றால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும் கோப்பை மட்டும் எடுங்கள். ‘நிறுவு’ என்று கேட்கும் நிரலாக வரும் எழுத்துரு வேண்டவே வேண்டாம்.

கணினி திடீரென்று மெதுவாகிவிட்டது, கோப்பு திறக்க மறுக்கிறது. வைரஸா?

மின்சாரமாகவும் இருக்கலாம். ஒரு நாளில் பலமுறை மின்சாரம் போய் வரும் ஊரில், எழுதிக்கொண்டிருக்கும்போதே வட்டு அணைந்தால் கோப்பு பாதியில் நிற்கும். வைரஸ் என்று என்னிடம் வந்த கணினிகள் பலவற்றில் வட்டுதான் பழுதாகியிருந்தது. பத்து நிமிடம் தாங்கும் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள், ஒழுங்காக அணைப்பதற்கு அது போதும். புதுப்பிப்பு ஓடும்போது ஜெனரேட்டரை மாற்றாதீர்கள்.

எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் செய்தி வந்திருக்கிறது. என்ன செய்வது?

இணையக் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், செருகியிருக்கும் வட்டுகளைக் கழற்றுங்கள். அந்தச் செய்தியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கணினிகளையும் இணைப்பிலிருந்து எடுங்கள்.

பணம் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். 2017 ஜூன் 27 அன்று உக்ரேனின் ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் பரவிய ‘நாட்பெட்யா’வும் பணம் கேட்டது. ஆனால் கொடுத்தவர்களுக்கும் கோப்புகளைத் திருப்பித் தரும் வழியே அதில் இல்லை. நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ என்ற இணையதளத்தில், பழைய பூட்டுகள் பலவற்றுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பூட்டுக்கு இன்று சாவி இல்லாவிட்டால் வட்டை அழிக்காமல் எடுத்து வையுங்கள், பின்னால் வரக்கூடும்.

காப்புநகல் என்றால் கூகுளில் ஏற்றி வைப்பதா?

அதுவும் ஒன்று. ஆனால் இணையம் என்றைக்கு இருக்கும், என்றைக்கு இருக்காது என்று நம்மால் சொல்ல முடியாது. ஆகவே கையில் ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டு வெளிவட்டுகள் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை கோயில் நடை சாத்திய பிறகு ஒன்றில் எல்லாவற்றையும் படியெடுங்கள், உடனே கழற்றிவிடுங்கள். அடுத்த வெள்ளிக்கு இன்னொன்று. எப்போதும் செருகியே இருக்கும் வட்டு காப்புநகல் ஆகாது. பூட்டும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். ஒரு வட்டு கோயிலில் இருந்தால் மற்றது வேறு வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டுமுறை, காப்புநகலிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத காப்புநகலை மூன்று ஆண்டு பூட்டிப் பாதுகாத்த ஒருவர் கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நம்மவர்கள் கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். தூக்க முடிந்ததைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது கணக்குப் புத்தகங்களும் பத்திரங்களும் மீண்டும் போயின. என் பாட்டனாருடைய ஊர் எது என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது ஒரு கோயில் கல்யாணப் பதிவேட்டில் இருந்த ஒற்றை வரி. அப்படிப்பட்ட பதிவேடுகள் இப்போது கோயில் கணினிக்குள்தான் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அச்சிட்டுப் புத்தகமாகக் கட்டியும் வைக்கச் சொல்கிறேன். தாளைப் புழு தின்ன வருடங்கள் ஆகும்.

கடைக் கணினியில் பிள்ளைகள் விளையாடலாமா?

தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தால் விளையாடலாம். அந்தக் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் உரிமை இருக்கக் கூடாது. நீங்களும் அன்றாட வேலைக்கு அப்படிப்பட்ட சாதாரணக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிக் கணக்குக்கு ஊகிக்க முடியாத கடவுச்சொல் வேண்டும்: 2008 நவம்பரில் வந்த ‘கான்ஃபிக்கர்’ புழு தன்னிடம் இருந்த சாதாரணக் கடவுச்சொற்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பக்கத்துக் கணினிகளுக்குள் புகுந்தது. கடை பெயரோடு 123 சேர்ப்பது கடவுச்சொல் ஆகாது.

கைபேசிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

2014-இல் சிம் அட்டை 1,500 கியாட்டுக்கு வந்த பிறகுதான் நம்மில் பலர் இணையத்தையே பார்த்தோம், அதுவும் கைபேசியில். செயலிகளைக் கைபேசிக்குக் கைபேசி அனுப்பிக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்தது. அது மெமரி ஸ்டிக்கின் மறுபிறப்பு. செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுங்கள். குறிப்பாக, இலவச விபிஎன் என்று யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, தொடாதீர்கள். உங்கள் கைபேசியின் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பதாகும். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை, உங்கள் சொந்த மாமன் பெயரில் கேட்டாலும் தராதீர்கள். மாமனைத் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் கணினியில் வைரஸ் வந்துவிட்டது. வெளியே சொன்னால் கடையின் பெயர் கெடாதா?

சொல்லாமல் இருந்தால் கெடும். வினாத்தாள் விவகாரத்தில், அந்த வாரம் எங்கள் கணினியில் ஸ்டிக் செருகிய பதினொரு பேருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசி செய்து சொன்னேன். வெட்கமாக இருந்தது. நாலு பேர் வீட்டுக் கணினியில் அதே புழு இருந்தது. அவர்களில் ஒருவர் மறுநாள் காலை ஸ்டிக்கோடு தட்டோனுக்குப் புறப்படவிருந்தார். அதனால் வைரஸ் கண்டால், அதைத் துடைப்பதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, கடந்த பத்து நாளில் யார் யாருடைய ஸ்டிக் உங்கள் கணினியைத் தொட்டது என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் முதல் பெயரிலிருந்து தொலைபேசி செய்யத் தொடங்குங்கள்.